கட்டைவிரல் ஜவ்வு கிழிந்து நாளாகிவிட்டதா? அறுவை சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டைவிரலில் அடிபட்டு, ‘சுளுக்குதான், சரியாகிவிடும்’ என்று விட்டுவிட்டு, மாதங்கள் கழித்து வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேபோல் இருக்கின்றன. அவற்றை அவர்கள் பேச்சிலேயே கீழே தந்திருக்கிறோம். போன வாரம் அடிபட்டவர்களுக்கு இந்தப் பக்கம் பொருந்தாது. அவர்கள் இதைப் படித்துக்கொண்டிராமல் உடனே டாக்டரைப் பார்ப்பது நல்லது. புதுக் காயத்துக்கு வைத்தியம் இதைவிட எளிது.

1. கட்டைவிரல் ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு சொல்றாங்க. அது எங்க இருக்கு, என்ன வேலை செய்யுது?

கட்டைவிரலில் மூன்று மூட்டுகள்: நகத்துக்குப் பக்கத்தில் ஒன்று, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டுக்கும் இடையில், விரல் உள்ளங்கையை விட்டுப் பிரியும் இடத்தில் ஒன்று. இந்த நடு மூட்டின் இரண்டு பக்கமும் எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் ஒவ்வொரு ஜவ்வு உண்டு. ஆள்காட்டி விரலைப் பார்த்திருக்கும் உள்பக்க ஜவ்வுதான் அதிகமாகக் கிழிவது. அதுவும் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. விரல் எலும்பில் ஒட்டியிருக்கும் முனையில்தான் பிய்த்துக்கொண்டு வரும்.

சாவியைப் பூட்டில் திருப்பும்போது ஆள்காட்டி விரல் கட்டைவிரலை வெளிப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது இந்த ஜவ்வு. அது இல்லாவிட்டால் மூட்டு வெளியே சாய்ந்து, பிடி நழுவும். பால் பாக்கெட்டின் முனையைக் கிழிப்பது, ஈரத்துணியைப் பிழிவது, சோற்றை உருட்டி வாய்க்குள் தள்ளுவது எல்லாமே தடுமாறும். ‘வலியைவிட, பிடிக்கவே நம்பிக்கை வரல’ என்று பலர் சொல்வது இதனால்தான்.

2. அடிபட்டு எட்டு மாசம் ஆச்சு. எத்தனை நாளானா ‘பழைய காயம்’னு சொல்வாங்க?

ஆறு வாரம் தாண்டினால் பழையது என்பது பொதுவான கணக்கு. ஆறு வாரத்துக்குள் கிழிந்த முனை சுருங்கி, பக்கத்துத் திசுக்களோடு ஒட்டித் தழும்பாக மாறத் தொடங்கிவிடும். பிறகு அதை இழுத்துப் பழைய இடத்தில் தைப்பது கடினமாகிக்கொண்டே போகும். ஆனால் இது நாள் குறித்த கெடு அல்ல. மூன்று மாதத்திலும் தைக்கிற நிலையில் ஜவ்வு கிடைப்பதுண்டு. ஐந்தே வாரத்தில் கரைந்துபோனதும் உண்டு.

ஒரே அடியில் கிழியாமல், நாள்பட நாள்பட இளகுவதும் உண்டு. ஸ்காட்லாந்தில் வேட்டைக் காடுகளின் காவலர்கள் முயல்களைக் கழுத்தைத் திருகிக் கொல்வார்கள். ஆண்டுக்கணக்கில் அந்த வேலை செய்தவர்களின் கட்டைவிரல் இளகியிருந்ததை 1955-இல் கேம்பெல் என்ற மருத்துவர் எழுதினார். இன்று நாம் பார்ப்பவை பெரும்பாலும் பைக்கிலிருந்து விழும்போது ஹேண்டில்பாரில் மாட்டியது, கேட்ச் பிடிக்கப்போய் பந்து விரலை மடக்கியது, கபடியில் எதிராளியின் சட்டையில் சிக்கியது போன்றவை.

3. எக்ஸ்ரேல எலும்பு முறியலைன்னுதானே சொன்னாங்க. அப்புறம் ஏன் இன்னும் வலிக்குது?

சாதாரண எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. ‘முறிவு இல்லை’ என்றால் எலும்பு சரியாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். ஆனாலும் பழைய காயத்தில் எக்ஸ்ரே மிக முக்கியம், வேறு காரணத்துக்காக: விரல் எலும்பு உள்ளங்கைப் பக்கமாக இறங்கியிருக்கிறதா, வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா, மூட்டு இடைவெளி குறைந்திருக்கிறதா, அடிபட்டபோது பெயர்ந்த சின்ன எலும்புத் துணுக்கு எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். எப்படிப்பட்ட அறுவை சிகிச்சை என்பதைத் தீர்மானிப்பது இந்தப் படம்தான். ஆகவே பழைய படத்தைக் காட்டினால் போதாது. நேராகவும் துல்லியமான பக்கவாட்டிலும் புதிதாக எடுக்க வேண்டும்.

4. இப்போ மாவுக்கட்டு போட்டா கூடிடாதா? புத்தூர் கட்டு கட்டிப் பார்க்கலாமா?

முழுக்கக் கிழிந்து நாளானது கட்டுப் போட்டால் ஒன்றுசேராது. ஒரு காரணம் மேலே 2-இல் சொன்ன தழும்பு. இன்னொன்றை 1962-இல் சுவீடன் மருத்துவர் பெர்டில் ஸ்டெனர் காட்டினார். கட்டைவிரலை உள்ளே இழுக்கும் தசையின் தகடு போன்ற பட்டை ஒன்று இந்த ஜவ்வின் மேல் படர்ந்திருக்கிறது. விரல் வேகமாக வெளியே வளையும்போது கிழிந்த முனை அந்தப் பட்டைக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வரும். விரல் நிமிரும்போது பட்டை பழைய இடத்துக்கு வந்துவிடும், ஜவ்வின் முனையோ பட்டைக்கு மேலே மடங்கி நின்றுவிடும். ஜவ்வுக்கும் எலும்புக்கும் நடுவே பட்டை இருக்கும்வரை எத்தனை மாதம் கட்டினாலும் இரண்டும் தொட்டுக்கொள்ள வழியே இல்லை. சிலருக்கு மூட்டின் உள்பக்கம் கடலை அளவில் ஒரு கட்டி தட்டுப்படும். அது மடங்கி நிற்கும் அந்த முனை.

கட்டுக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை, மருத்துவமனை மாவுக்கட்டும் இதே இடத்தில் தோற்கும். ஆனால் எண்ணெய் போட்டு விரலை இழுத்து நீவிவிடுவது மட்டும் வேண்டாம். அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருப்பதும் அதில் அறுந்துபோகும்.

5. வீட்டிலேயே இளகியிருக்கான்னு நானே ஆட்டிப் பார்க்கலாமா?

ஆட்டிப் பார்க்காதீர்கள். பேப்பர் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்துக்கும் இடையில் பிடித்து, இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். நல்ல கையோடு ஒப்பிடுங்கள். சந்தேகப்பட அதுவே போதும்.

டாக்டர் செய்யும் சோதனையில் உள்ளங்கை எலும்பை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் விரலை வெளிப்பக்கம் தள்ளுவார். ஒருமுறை விரலை நேராக வைத்து, ஒருமுறை சுமார் 30 டிகிரி மடக்கி. ஜவ்வின் முக்கியப் பகுதி மடக்கும்போது விறைக்கும், துணைப் பகுதி நீட்டும்போது விறைக்கும். இரண்டு நிலையிலும் இளகினால் முழுக் கிழிசல். 35 டிகிரிக்கு மேல் சாய்ந்தாலோ, மறு கையைவிட 15 டிகிரி கூடுதலாகச் சாய்ந்தாலோ, எங்கேயும் ‘டக்’ என்று நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாலோ ஜவ்வு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மறு கையைப் பார்க்காமல் சொல்லும் முடிவை நம்ப வேண்டாம். பிறவியிலேயே இரண்டு கையும் இளகலாக இருப்பவர்கள் நிறைய.

6. எம்ஆர்ஐ கட்டாயமா? எட்டாயிரம் கேக்கறாங்க.

பல நேரம் தேவைப்படாது. பழைய காயத்தில் கைச்சோதனையும் எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்தால் முடிவு அங்கேயே கிடைத்துவிடும். வலி எங்கிருந்து வருகிறது என்று புரியாதபோதும், மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்ததா என்ற ஐயம் இருக்கும்போதும் எம்ஆர்ஐ உதவும். அப்போதும் கைக்கெனத் தனியாக உள்ள சிறிய காயிலில் (உடலோடு ஒட்டி வைக்கும் ஸ்கேன் கருவியின் பகுதி) எடுத்தால்தான் பயன். கைத்தேர்ந்தவர் பார்க்கும் அல்ட்ராசவுண்டில் மடங்கிய முனை தெரிந்துவிடும்.

7. வலி பெரிசா இல்ல. ஆபரேஷன் பண்ணாம விட்டா என்ன ஆகும்?

எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. கையால் கனமான வேலை இல்லாதவர், வயதானவர், பிடி நழுவாதவர் ஆகியோர் விரலைச் சுற்றி அணியும் சின்ன ஸ்பிளின்ட், கட்டைவிரல் தசைகளுக்கான பயிற்சி இவற்றோடு காலம் தள்ளலாம். ஆனால் சாய்ந்த மூட்டு ஒரு ஓரத்தில் மட்டும் உரசிக்கொண்டே இருக்கும். அப்படிச் சில ஆண்டுகள் போனால் குருத்தெலும்பு தேயும், தேய்ந்தபின் ஜவ்வைப் புதுப்பித்தும் வலி போகாது. ஆகவே ‘எவ்வளவு நாள் ஆச்சு’ என்பதைவிட ‘மூட்டுப் பரப்பு எப்படி இருக்கிறது’ என்பதே முக்கியமான கேள்வி. பரப்பு நன்றாக இருந்தால் மூன்று ஆண்டு கழித்தும் ஜவ்வைச் சரிசெய்யலாம்.

ஸ்டீராய்டு ஊசி பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது வீக்கத்தையும் வலியையும் சில வாரம் அடக்கும், இளகலைக் குறைக்காது. திரும்பத் திரும்பப் போட்டால் மிச்ச ஜவ்வும் நைந்துபோகும்.

8. பழைய ஜவ்வையே தைக்க முடியாதா? எதுக்கு வேற இடத்துல இருந்து எடுக்கணும்?

முடிந்தால் அதைத்தான் செய்வார்கள். திறந்து பார்த்து, தழும்பிலிருந்து ஜவ்வைப் பிரித்தெடுத்து, போதிய நீளமும் தடிமனும் இருந்தால் எலும்பில் ஆங்கர் என்னும் நூல் கோர்த்த சின்ன ஆணியை இறக்கி அதிலேயே கட்டிவிடலாம். இழுத்துப் பிடித்தால்தான் எட்டுகிறது என்றால் விட்டுவிட வேண்டும். விறைப்பாகத் தைத்தது ஒன்று அறுந்துபோகும், அல்லது விரலை மடங்கவிடாது. தைக்க முடியுமா முடியாதா என்பது பெரும்பாலும் உள்ளே திறந்த பிறகே தெரியும். அதனால் இரண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒப்புதல் கேட்பார்கள். ‘முன்னால ஒண்ணு சொன்னீங்க, இப்ப முன்கையிலயும் தையல் இருக்கே’ என்று பின்னால் திகைக்க வேண்டாம்.

9. புது ஜவ்வு வைக்கிற ஆபரேஷன்ல படிப்படியா என்ன செய்வாங்க?

மேற்கையில் இறுக்குப் பட்டை கட்டி, வழக்கமாக 250 மி.மீ. பாதரச அழுத்தத்தில் இரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். நடு மூட்டின் உள்பக்கம் 3 முதல் 4 செ.மீ. வளைந்த வெட்டு. தோலுக்கு அடியில் முதலில் தேடுவது ஜவ்வை அல்ல, விரலின் முதுகுக்கு உணர்ச்சி தரும் மெல்லிய நரம்புக் கிளையை. அதை ஒதுக்கிப் பத்திரப்படுத்திய பிறகே தசைப் பட்டையை (4-இல் சொன்னது) பிளப்பார்கள். திரும்பத் தைப்பதற்காக ஓரத்தில் சில மி.மீ. விளிம்பு விட்டுப் பிளக்க வேண்டும். பிறகு தழும்பை விலக்கி மூட்டைத் திறந்து குருத்தெலும்பைக் கண்ணால் பார்ப்பார்கள். அது மோசமாக இருந்தால் திட்டமே மாறும் (கேள்வி 16).

பரப்பு நன்றாக இருந்தால் முன்கையிலிருந்து தசைநாண் எடுக்கப்படும். விரல் எலும்பின் அடிப்பகுதியில் 2.5 முதல் 3 மி.மீ. துளைகள் இரண்டு, உள்ளங்கை எலும்பின் தலையில் ஒன்று. தசைநாணை முக்கோணமாகக் கோர்த்து, சின்ன ஸ்க்ரூவாலோ ஆங்கராலோ இறுக்குவார்கள். இங்கே கை தேர்ச்சி வேண்டிய இடம் துளையின் இருப்பிடம். விரல் எலும்பில் ஜவ்வு ஒட்டும் புள்ளி மூட்டுக் கோட்டிலிருந்து சுமார் 3 மி.மீ. தள்ளி, உள்ளங்கைப் பக்கமாகத் தாழ்ந்திருக்கிறது. உள்ளங்கை எலும்பிலோ அது முதுகுப் பக்கமாக உயர்ந்திருக்கிறது. ஜவ்வு சாய்வாக ஓடுவது இதனால்தான். விரல் எலும்பில் துளை இரண்டு மி.மீ. மேலே போனால்கூட விரல் மடங்காமல் இழுத்துப் பிடிக்கும், அல்லது மடக்கும்போது இளகும். இரண்டு துளைகளுக்கு நடுவே எலும்பு போதாவிட்டால் இறுக்கும்போதே உடைந்துவிடும்.

இறுக்கும்போது விரலைச் சுமார் 20 டிகிரி மடக்கி, சற்றே உள்பக்கம் சாய்த்து, கீழே இறங்கிய எலும்பைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். பலர் அதே நிலையில் மூட்டின் குறுக்கே ஏறத்தாழ 1 மி.மீ. தடிமனுள்ள கம்பி ஒன்றைச் செலுத்தி நிறுத்துவார்கள். சிலர் கம்பிக்குப் பதிலாகவோ கூடுதலாகவோ நாடா போன்ற உறுதியான நூலைப் புது ஜவ்வின் மேல் வைக்கிறார்கள். கடைசியாகப் பட்டை, தோல், மாவுக்கட்டு. எல்லாம் சேர்த்து ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்.

10. கையில இருந்து ‘நரம்பு’ எடுத்தா கை வலுவிழக்காதா?

எடுப்பது உணர்ச்சி தரும் நரம்பு அல்ல, தசையின் கயிறான தசைநாண். மணிக்கட்டின் நடுவில் ஓடும் இது இல்லாமலும் கை முழு வலுவோடு இயங்கும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொட்டுக்கொண்டு மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். நடுவில் கயிறு மாதிரி எழும்பினால் உங்களுக்கு இருக்கிறது. ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு ஒரு கையிலாவது பிறவியிலேயே இருக்காது. அவர்களுக்கு மறு கையிலிருந்தோ, மணிக்கட்டை மடக்கும் வேறொரு தசைநாணில் பாதியையோ, காலிலிருந்தோ எடுப்பார்கள்.

இந்தச் சோதனையை ஆபரேஷனுக்கு முன்பே விழித்திருக்கும்போது செய்து, தோலில் மையால் குறித்துவிட வேண்டும். அந்தத் தசைநாணுக்கு நேர் அடியில்தான் கையின் முக்கிய நரம்பு ஓடுகிறது. தசைநாண் இல்லாத கையில் தேடி, நரம்பையே எடுத்துவிட்ட விபத்துகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குறிக்காமல் தியேட்டருக்குள் கொண்டுபோனால் நீங்களே நினைவூட்டலாம், தப்பில்லை.

11. முழு மயக்கம் குடுப்பாங்களா? எத்தனை நாள் படுக்கணும்?

பெரும்பாலும் கழுத்தடியிலோ அக்குளிலோ ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்வார்கள். காலையில் வந்து மாலையில் போகலாம். மரப்பு பல மணி நேரம் நீடிக்கும். அது விடும் முன்பே வலி மாத்திரையை எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் கை இதயத்துக்கு மேலே இருக்க வேண்டும். கைத்தொட்டில் போட்டுத் தொங்கவிட்டால் மட்டும் போதாது, படுக்கும்போது தலையணை மேல் வையுங்கள்.

12. யாரிடம் காட்டுறது? சாதாரண எலும்பு டாக்டர் போதுமா?

கை அறுவை சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்ற எலும்பு அல்லது பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டுங்கள். புதுக் கிழிசலைத் தைப்பதைப் பலர் செய்வார்கள், புது ஜவ்வு வைப்பது அடிக்கடி செய்கிறவர் கையில் இருக்க வேண்டிய வேலை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கெனத் தனிப்பிரிவே இருக்கிறது. வேலூர் சிஎம்சி, கோவை கங்கா ஆகியவையும் கை சிகிச்சைக்குப் பெயர்பெற்றவை.

13. கை எப்போ பழையபடி ஆகும்? வண்டி எப்போ ஓட்டலாம்?

தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். கம்பி 4 முதல் 6 வாரத்தில் வெளிநோயாளர் பிரிவிலேயே உருவப்படும். ஒரு நொடி வேலை. ஆனால் நகத்தருகே உள்ள மூட்டை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும். ‘கட்டுப் போட்டிருக்கே’ என்று அதை அசைக்காமல் வைத்திருந்தவர்களுக்கு ஜவ்வு நன்றாகப் பிடித்திருக்கும், நுனி மட்டும் விறைத்துப்போயிருக்கும்.

கம்பி எடுத்ததும் கழற்றி மாட்டும் ஸ்பிளின்ட். நடு மூட்டை மடக்குதல், நீட்டுதல் அப்போது தொடங்கும். பக்கவாட்டில் தள்ளும் எதுவும் கூடாது. கிள்ளுதல், சாவி திருப்புதல், பாட்டில் மூடி எல்லாம் 8 வாரத்துக்குப் பிறகு, பிசியோ சொல்லும் அளவில். டூ வீலருக்குப் பத்து முதல் பன்னிரண்டு வாரம் ஆகட்டும். ஹாரன் பட்டனையும் செல்ஃப் ஸ்டார்ட்டையும் அழுத்துவது கட்டைவிரல்தான். அதைவிட, குழியில் இறங்கும்போது ஹேண்டில்பார் கொடுக்கும் உதைப்பு அப்படியே ஜவ்வைக் கிழித்த திசையில் வரும். விளையாட்டுக்கும் சுமை தூக்கும் வேலைக்கும் மூன்று, நான்கு மாதம். விக்கெட் கீப்பர்கள் இன்னும் சில வாரம் பொறுத்தால் நல்லது.

14. நாலு மாசமாச்சு, விரல் முழுசா மடங்கல. மேல் தோல் மரத்தும் இருக்கு. ஆபரேஷன் தோத்துடுச்சா?

அப்படிச் சொல்ல முடியாது. நடு மூட்டில் 10, 15 டிகிரி மடங்குவது குறைவது வழக்கம். அன்றாட வேலையில் பெரும்பாலோர் அதை உணர்வதே இல்லை. இந்த ஆபரேஷன் கொஞ்சம் மடக்கத்தைக் கொடுத்து உறுதியை வாங்கும் பேரம். மடக்கம் பாதிக்கும் கீழ் போயிருந்தால் துளையின் இடம் (9) ஐயத்துக்குரியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

மரப்பு, 9-இல் சொன்ன மெல்லிய நரம்புக் கிளை இழுபட்டதால். சில மாதங்களில் பெரும்பாலும் தெளியும். ஒரு புள்ளியில் தட்டினால் ஷாக் அடித்தது போலச் சுரீரென்றால் நரம்பு முனையில் கட்டி உருவாகியிருக்கலாம். அதைச் சகித்துக்கொண்டிராமல் சொல்லுங்கள். கம்பி இருக்கும்போதே அது தோலுக்குள் நுழையும் இடம் சிவந்து, சீழ் வந்தால் அன்றே போக வேண்டும், சர்க்கரை நோயாளிகள் குறிப்பாக. உள்ளே இருக்கும் ஆங்கரும் ஸ்க்ரூவும் உறுத்தினாலொழிய எடுக்கத் தேவையில்லை.

15. எனக்கு வெளிப்பக்க ஜவ்வுன்னு சொல்றாங்க. அதுக்கும் இதேதானா?

கொள்கை ஒன்றே, சில வேறுபாடுகள் உண்டு. வெளிப்பக்கத்தில் மேலே படரும் பட்டை அகலமானது, அதனால் கிழிந்த முனை மேலே ஏறி மாட்டிக்கொள்வது அரிது. வலி கிள்ளும்போது அவ்வளவாக வராது, மூடி திறக்கும்போதும் கட்டைவிரலை ஊன்றித் தள்ளும்போதும் வரும். விரல் எலும்பு உள்ளங்கைப் பக்கம் இறங்கிவிடுவது இங்கே அதிகம். ஆகவே ஜவ்வை மட்டும் வைத்து, இறங்கிய எலும்பைத் தூக்கிக் கம்பி போடாமல் விட்டால் திரும்பவும் இறங்கும்.

16. மூட்டு தேஞ்சிடுச்சு, ஜவ்வு வேண்டாம், மூட்டையே சேர்த்துடலாம்னு சொல்றாங்க. விரல் கட்டையா நின்னுடாதா?

நடு மூட்டு மட்டும் அசையாது. நுனி மூட்டும் மணிக்கட்டருகே உள்ள மூட்டும் அசைவதால் விரல் நினைப்பதைவிட நன்றாகவே இயங்கும். சுமார் 15 டிகிரி மடக்கத்தில், நுனி ஆள்காட்டி விரலைத் தொடும்படி லேசாகத் திருப்பி, தகடு அல்லது கம்பிகளால் இணைப்பார்கள். எலும்பு சேர ஆறு முதல் பத்து வாரம். வலி போய், கிள்ளும் வலு திரும்பும். கைத்தொழில் செய்பவருக்குத் தேய்ந்த மூட்டில் புது ஜவ்வு வைப்பதைவிட இதுவே நம்பகமான வழி. மணிக்கட்டருகே உள்ள மூட்டிலும் தேய்மானம் இருந்தால் மட்டும் இரண்டு முறை யோசிக்க வேண்டும், அசைவின் சுமையெல்லாம் அதன் மேல் விழும்.

17. ஒரு தடவை பண்ணி, ஆறு மாசத்துல திரும்ப இளகிடுச்சு. மறுபடியும் ஜவ்வு வைக்கலாமா?

முதலில் ஏன் இளகியது என்று கண்டுபிடிக்க வேண்டும். கம்பியை எடுத்த கையோடு வேலைக்குப் போனது, துளை தவறிய இடத்தில் இருந்தது, துளைக்கிடையே எலும்பு உடைந்தது, இறங்கிய எலும்பைத் தூக்காமல் விட்டது, தைக்கக்கூடாத நைந்த ஜவ்வைத் தைத்தது என்று காரணங்கள் பல. பிறவியிலேயே எல்லா மூட்டும் இளகலாக இருப்பவர்களுக்கு எடுத்து வைக்கும் தசைநாணும் காலப்போக்கில் நீளும்; கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொட முடிகிறவர்கள் இதை முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

முதல் ஆபரேஷன் குறிப்பையும் அப்போதைய எக்ஸ்ரேக்களையும் கையோடு கொண்டுபோங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எந்தத் தசைநாணை எடுத்தார்கள் என்றே பல நேரம் எழுதியிருக்காது. துளைகள் எங்கே, எவ்வளவு அகன்றிருக்கின்றன என்பதைச் சிடி ஸ்கேனில் பார்க்கலாம். எலும்பு மிச்சமிருந்து பரப்பும் நன்றாக இருந்தால் இரண்டாம் முறை வேறு தசைநாணை வைத்துச் செய்யலாம். எலும்பே போதாது என்றால், மூட்டு தேயாவிட்டாலும், 16-இல் சொன்னதுதான் வழி.